கோடிங் தெரியாதவங்களுக்கு ஹேக்கத்தானில் என்ன வேலை? வேலூர் பூனை சொல்லும் பதில்!

"ஹேக்கத்தானுக்கு டீம் போடுறோம், யார் யார் வர்றீங்க?"

காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்ததும் என்ன நடக்கும்? கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க ரெண்டு பேர் உடனே கை தூக்குவாங்க. மீதிப் பேர் படிச்சுட்டு, அப்படியே நழுவிடுவாங்க. 'நமக்குக் கோடிங் வராது, நமக்கெதுக்கு இந்த வம்பு?' என்பதுதான் பெரும்பாலானோரின் மைண்ட் வாய்ஸ்.

நீங்களும் அந்த மீதிப் பேரில் ஒருத்தரா? பி.காம்., கெமிஸ்ட்ரி, சோஷியல் வொர்க், தமிழ் இலக்கியம்னு வேற எதையோ படிக்கிறீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஹேக்கத்தான் என்றால் என்ன, 36 மணி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது, அதில் உங்களுக்கு என்ன வேலை என்று பார்க்கலாம். அதற்கு முன்னால், வேலூரில் நடந்த ஒரு பூனைக் கதை.

விரல்களைத் தின்றது எது?

பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை, தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை மூலம் மீண்டும் இயங்க வைத்தார். உலக மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்த வேலை அது.

ஆனால், ஒரு விஷயம் அவரைக் குழப்பியது. சரியான கைகளோடு இரவு தூங்கப் போன நோயாளிகள் சிலர், காலையில் விரலில் புதுக் காயத்தோடு எழுந்தார்கள். சிலருக்கு விரல் நுனியில் சதையே குறைந்திருந்தது. 'தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி உதிரும்' என்றுதான் அன்றைக்குப் பலரும் நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துருவ ஆரம்பித்தார்கள். ராத்திரியில் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எலி!

தொழுநோய் நரம்புகளைப் பாதிப்பதால் விரலில் உணர்ச்சி இருக்காது. எலி வந்து கடித்தாலும் வலிக்காது, தூக்கம் கலையாது. தீர்வு என்ன தெரியுமா? பூனை. நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். பிராண்ட் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உலகத்தரம் வாய்ந்த அறுவை சிகிச்சை நிபுணரின் அந்தப் பிரச்சினைக்கு விடை ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. ராத்திரி முழிச்சு உட்கார்ந்து பார்த்ததில் இருந்தது.

கதை இதோடு முடியவில்லை. காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சாதாரணச் செருப்பே எதிரி. ஆணி குத்தினாலும் தெரியாது, வார் அறுத்தாலும் தெரியாது. ஆக, காலைக் காப்பாற்ற ஒரு செருப்பு வேண்டும். இது டாக்டர் மட்டும் தீர்க்கக்கூடிய கணக்கு இல்லை. பாதத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரிந்த மருத்துவர், செருப்பு தைக்கத் தெரிந்தவர், ரப்பர் பற்றித் தெரிந்தவர், தினமும் அதைப் போட்டு நடக்கப்போகிறவர் என்று எல்லோரும் உட்கார வேண்டியிருந்தது. பல பொருட்களில் செய்து பார்த்து, பல முறை தோற்று, கடைசியில் மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு பரவலானது. அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததில் சி.எம்.சி-க்கும், பக்கத்தில் இருக்கும் கரிகிரி தொழுநோய் மருத்துவ மையத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

பேர் புதுசா இருக்கா? சுருக்கிச் சொன்னால் உங்களுக்கே தெரிந்திருக்கும். எம்.சி.ஆர் செருப்பு! சர்க்கரை நோய் இருக்கும் உங்க தாத்தாவோ பாட்டியோ இன்றைக்குப் போட்டுக்கொண்டு நடப்பது அதே வகைச் செருப்பைத்தான்.

'பல துறை ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு பிரச்சினையைத் துருவி, கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருளைச் செய்து, சோதித்து, திருத்துவது' என்ற இந்த வேலையை, 36 மணி நேரத்துக்குள் அடைத்தால் அதற்குப் பெயர் ஹேக்கத்தான்.

மாட்டு வண்டி மாதிரி ஒரு வண்டி

இந்த அவசர வேலைக்கு நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் பாரிஸின் புகழ்பெற்ற கலைக் கல்லூரியில் கட்டடக்கலை படித்த மாணவர்கள், கெடு முடியும் நேரம் வரை வரைந்துகொண்டே இருப்பார்களாம். வரைபடங்களை அள்ளிப்போக ஒரு தள்ளுவண்டி வரும். அந்த வண்டியிலேயே தொற்றிக்கொண்டு கடைசிக் கோட்டைப் போட்டவர்களும் உண்டு என்பார்கள். பிரெஞ்சு மொழியில் அந்த வண்டிக்கு 'ஷாரெட்' என்று பெயர். இன்றைக்கும் கட்டடக்கலை, நகர வடிவமைப்புத் துறைகளில் பலரும் கூடி நெருக்கி வேலை பார்க்கும் பட்டறைக்கு அதே பெயர்தான். ஆர்க்கிடெக்சர் படிக்கிற ஃப்ரெண்ட் இருந்தா கேட்டுப் பாருங்க.

'ஹேக்கத்தான்' என்ற சொல் 1999-ல் வந்தது. கனடாவின் கால்கரி நகரில் புரோகிராமர்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்த சந்திப்புக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 'ஹேக்' பிளஸ் 'மாரத்தான்'. இங்கே ஹேக் என்பது திருட்டு வேலை இல்லை, சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடிப்பது.

இந்தியாவில் இதைக் கல்லூரிகளுக்குள் பெரிய அளவில் கொண்டுவந்தது 2017-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்'. தமிழ்நாட்டில் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் பொறியியல் மாணவர்களுக்கு 'நிரல் திருவிழா' நடக்கிறது. வேலூர் வி.ஐ.டி-யில் ஆண்டுதோறும் நடக்கும் 'கிராவிடாஸ்' தொழில்நுட்ப விழாவிலும் ஹேக்கத்தான்கள் உண்டு. இது தவிர, கல்லூரிகளே நடத்துபவை, கம்பெனிகள் நடத்துபவை என ஏகப்பட்டது இருக்கிறது.

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் விதிகளைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். டீமில் 6 பேர். அதில் குறைந்தது ஒரு பெண் கட்டாயம். எல்லோரும் ஒரே கல்லூரியாக இருக்க வேண்டும், ஆனால் வெவ்வேறு துறையாக இருக்கலாம். இருந்தால் நல்லது என்று நடத்துபவர்களே சொல்கிறார்கள். அமைச்சகங்களும் நிறுவனங்களும் பிரச்சினைகளைப் பட்டியலாகக் கொடுக்கும். முதலில் உங்கள் கல்லூரிக்குள் போட்டி. அதில் தேறினால் கல்லூரி உங்களைப் பரிந்துரைக்கும். அடுத்து ஐடியாவை அனுப்ப வேண்டும், வடிகட்டல் நடக்கும், கடைசியில் கிராண்ட் ஃபினாலே. சாஃப்ட்வேர் என்றால் 36 மணி நேரம். ஹார்டுவேர் என்றால் சில நாட்கள் நீளும்.

36 மணி நேரம்: உள்ளே என்ன நடக்குது?

பீட்சா, எனர்ஜி டிரிங்க், தூங்காத கண்கள். வெளியே தெரிகிற படம் இதுதான். உள்ளே நடப்பது அஞ்சு கட்டம்.

முதல் கட்டம், பிரச்சினையைப் புரிந்துகொள்வது. கொடுத்த பிரச்சினையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், யாருக்கு, எப்போது, எந்த இடத்தில் வலிக்கிறது என்று ஒரே வரியில் சுருக்குவது. நிறைய டீம் கோட்டை விடுவது இங்கேதான்.

ரெண்டாவது, ஐடியாக்களைக் கொட்டுவது. நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுவது. மூன்றாவது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீதியைத் தூக்கிப்போடுவது. சண்டை வருவது இங்கே! நான்காவது, புரோட்டோடைப். அட்டையில் செய்தாலும் சரி, ஆப் என்றாலும் சரி, தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒன்று. ஐந்தாவது, பிட்ச். ஜூரி முன்னால் சில நிமிடங்களில் சொல்லிப் புரிய வைப்பது. இடையிடையே மென்டர்கள் வந்து, 'இது எதுக்கு? இதை யார் வாங்குவாங்க? கரன்ட் போனா என்ன பண்ணுவீங்க?' என்று குடைவார்கள்.

இப்போ எண்ணிப் பாருங்க. இந்த அஞ்சில் கோடிங் நேரடியாகத் தேவைப்படுவது எத்தனையில்? ஒன்றில்தான். அதுவும் சாஃப்ட்வேர் பிரச்சினையாக இருந்தால். மற்ற நான்கும் கேட்பது, பேசுவது, கணக்குப் போடுவது, வரைவது, எழுதுவது, கதை சொல்வது.

'நாங்க கேட்டது வேற, தேவைப்பட்டது வேற'

துறைகள் கலந்த டீம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஒன்று இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு டிசைன் வகுப்பு. ஹேக்கத்தானைவிட நீளமானது, ஆனால் அதே பாணி. எம்.பி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரிக்கல் என்று வெவ்வேறு துறை மாணவர்களைச் சேர்த்து ஒரு வேலை கொடுத்தார்கள். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மலிவாகச் செய்யுங்கள் என்பதுதான் வேலை. அந்த டீமில் இருந்த ராகுல் பணிக்கர் நம்ம சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவர்.

டீமில் ஒருவர் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தார். நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் இருந்தன, ஆனால் சும்மா கிடந்தன. குழந்தைகள் பிறந்தது கிராமங்களில். அங்கே மின்சாரமே நிச்சயமில்லை. ஆக, மலிவான இன்குபேட்டர் செய்து அதே நகரத்தில் வைத்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. டீம் கேள்வியை மாற்றியது. 'கரன்ட் இல்லாத வீட்டில், ஒரு அம்மா தன் குழந்தையைச் சூடாக வைத்துக்கொள்ள என்ன வழி?'

பதிலாக வந்தது 'எம்ப்ரேஸ்' என்ற குட்டித் தூங்கு பை. உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருள் இருக்கும். அதைச் சூடாக்கி வைத்தால் உடல் வெப்பமான 37 டிகிரியைச் சில மணி நேரத்துக்குத் தாங்கும். அந்த மாணவர்கள் பிறகு பெங்களூருக்கே வந்து அதைத் தயாரித்தார்கள்.

வேலூர் பூனையும் நேபாளத் தூங்கு பையும் சொல்வது ஒன்றைத்தான். போய்ப் பார்த்தவருக்குத்தான் சரியான கேள்வி கிடைக்கும். அந்தக் கேள்விதான் பாதிப் பரிசு.

காட்பாடியில் ஏறினால் ஆம்பூர்

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வேலூரைச் சுற்றி எத்தனை கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹேக்கத்தான் என்றதும் ஸ்மார்ட் பார்க்கிங், அட்டென்டன்ஸ் ஆப், சாட்பாட் என்றுதான் பல பேருக்குத் தோன்றுகிறது. ஆனால் காட்பாடியில் ரயில் ஏறினால் சுமார் 50 கிலோமீட்டரில் ஆம்பூர். இன்னும் கொஞ்சம் தள்ளி வாணியம்பாடி. எதிர்ப்பக்கம் ராணிப்பேட்டை. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், மூன்று மாவட்டத்தையும் தைத்து வைத்திருப்பது தோல் தொழில்தான். ஆம்பூர்னா பிரியாணி மட்டும் இல்லைங்க. ஐரோப்பாவில் யாரோ ஒருவர் போடுகிற லெதர் ஷூவில் ஆம்பூர்ப் பெண்களின் கைத்தையல் இருக்கலாம்.

இந்தப் பகுதி முழுக்கப் பிரச்சினைகள் யாருக்காகவோ காத்துக்கிடக்கின்றன. நான்கை மட்டும் பார்ப்போம்.

ஒன்று, உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் கரைந்து கழிவாகும். கழிவைச் சுத்திகரித்து, நீரைத் திரும்ப எடுத்து, மீதியைக் காய்ச்சினால் கடைசியில் மிஞ்சுவது கலப்பட உப்பு மூட்டைகள். அதை என்ன செய்வது?

ரெண்டு, தண்ணீர். ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கு அது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிட லாயக்கற்றதாகிவிட்டது என்ற ஆய்வும் அதே தீர்ப்பில் வருகிறது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையைப் பற்றிச் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிப்பது இந்தப் பாலாற்று வழக்கிலிருந்தும்தான்.

மூன்று, உயிர். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் உடைந்து 10 பேர் இறந்தார்கள். கழிவுத் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்திகளும் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வருகின்றன. ரோமம் நீக்கப் பயன்படுத்தும் சல்ஃபைடு கழிவோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம். ஆனால், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாமல் போகும். 'வாசனை போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நொடிதான் ஆபத்து. கெமிஸ்ட்ரி படிக்கிறவங்களே, இதைத் தொழிலாளிக்குப் புரியற மாதிரி, அவர் மொழியில், தொட்டி வாசலிலேயே எப்படிச் சொல்வீங்க?

நான்கு, விரல். ஷூவின் மேல்பகுதியான அப்பரைக் கையால் தைக்கும் வேலையை ஆம்பூர் பக்கம் பல பெண்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். ஏஜென்ட் கொண்டுவந்து கொடுப்பார், தைத்ததை வாங்கிப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். குனிந்தே உட்கார்ந்து, தடித்த தோலில் ஊசியை ஏற்றி இழுத்து இழுத்து, விரலும் தோளும் முதுகும் வலிக்கும்.

உடனே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடுறேன். இதில் முதல் ரெண்டை 36 மணி நேரத்தில் யாராலும் தீர்க்க முடியாது. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக உழைக்கிற விஷயம் அது. 'நாங்க பாலாற்றைச் சுத்தம் பண்ணப்போறோம்'னு பிட்ச் ஆரம்பிச்சா, ஜூரி சிரிக்காம இருந்தாலே பெரிய விஷயம். ஆனால் மூன்றிலும் நான்கிலும் கையில் அடங்குகிற சின்னத் துண்டுகள் நிறைய இருக்கின்றன.

ஒரு கற்பனை டீம்

நான்காவது பிரச்சினையை எடுத்துக்கொண்டு ஒரு டீமைக் கற்பனை செய்து பார்ப்போம். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒருவர், மெக்கானிக்கல் ஒருவர், பி.காம். ஒருவர், சோஷியல் வொர்க் ஒருவர், பிசியோதெரபி ஒருவர், விஷுவல் கம்யூனிகேஷன் ஒருவர்.

முதல் ஐடியா வழக்கம்போல ஆப்தான். 'எத்தனை ஜோடி தைச்சாங்கன்னு ஆப்ல பதிவு பண்ணுவோம்.' சோஷியல் வொர்க் கேட்கிறார்: 'அந்த வீட்ல ஃபோன் யார் கையில இருக்கும்? பையன் காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிட்டா?' ஆப் அங்கேயே அடிபடுகிறது.

அடுத்தது மெக்கானிக்கலின் ஐடியா. விரலுக்கு ஒரு தடித்த கவசம். அட்டகாசமான டிராயிங், கச்சிதமான மாடல். தைக்கும் அக்கா ஒருவரிடம் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அவர் ரெண்டு தையல் போட்டுவிட்டுக் கழற்றி வைக்கிறார். 'நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நூல் கைக்குத் தெரியலையே.'

இப்போது பி.காம். ஒரு கணக்குப் போடுகிறார். சும்மா ஒரு பேச்சுக்கு, ஒரு நாளைக்கு 10 ஜோடி தைப்பவர் இந்தக் கவசத்தால் 8 ஜோடிதான் தைக்க முடிகிறது என்றால்? வருமானத்தில் 20 சதவிகிதம் போச்சு. பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு, வேகத்தைக் குறைக்கிற எந்தப் பாதுகாப்புக் கருவியும் சம்பளக் குறைப்புதான்! இந்த ஒரு வரி எந்த கோடிங் புத்தகத்திலும் கிடைக்காது. டீமின் திசையே மாறுவது இங்கேதான்.

பிசியோதெரபி சொல்கிறார்: 'விரலை விடுங்க. அவங்க ஷூவை ரெண்டு முட்டிக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுட்டுக் குனியுறாங்க பாருங்க, தோள் வலி அங்கருந்துதான்.' ஷூவைப் பிடித்துக்கொள்ள உயரம் மாற்றக்கூடிய ஒரு சின்ன மரத் தாங்கி செய்தால், நிமிர்ந்து உட்காரலாம், ரெண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், வேகமும் குறையாது. முதல் மாடலை அட்டைப்பெட்டியிலேயே செய்து பார்க்கலாம். எப்படிப் பயன்படுத்துவது என்பதை விஷுவல் கம்யூனிகேஷன் நாலே படத்தில் வரைகிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் சும்மா இருக்கிறாரா? இல்லை. தாங்கிக்கு முன், தாங்கிக்குப் பின் என்று வீடியோ எடுத்து, குனிகிற கோணம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து காட்டுகிறார். ஜூரிக்கு ஆதாரம் ரெடி.

ஆறு பேரில் யார் இல்லையென்றாலும் இந்த மரத் தாங்கி வந்திருக்காது. அதில் பாதி வேலையைச் செய்தது, அந்த அக்கா சொன்ன 'நூல் கைக்குத் தெரியலையே' என்ற வாக்கியம். ஏழாவது உறுப்பினர் அவர்தான். பிட்ச்சில் அவருக்கும் உரிய இடம் கொடுக்கணும்.

கைதட்டல் முடிஞ்ச பிறகு?

ஹேக்கத்தானைப் பற்றிய கசப்பான உண்மைகளையும் சொல்லிடணும். பரிசு வாங்கிய பல புரோட்டோடைப்புகள் அடுத்த வாரமே லேப் அலமாரிக்குள் போய்விடுகின்றன. தொழிலாளியிடம் போய் 'உங்க பிரச்சினை என்ன?' என்று கேட்டு, போட்டோ எடுத்து, சர்டிஃபிகேட் வாங்கி, திரும்பிப் பார்க்காமல் போவது ஒருவகையில் சுரண்டல். போட்டி முடிந்ததும் ஒரு முறையாவது போய், 'இதுவரைக்கும் இவ்வளவுதான் முடிஞ்சது' என்று சொல்லிவிட்டு வரும் நாகரிகம் வேண்டும்.

இன்னொன்று, ஐடியா யாருக்குச் சொந்தம்? கம்பெனிகள் நடத்தும் போட்டிகளில் பெயர் கொடுக்கும் முன்பே விதிமுறைகளைப் படியுங்க. 'சமர்ப்பிக்கும் எல்லாம் எங்களுக்கே' என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம்.

தூக்கமும் முக்கியம். 36 மணி நேரமும் விழித்திருப்பது வீரம் இல்லை. மூன்று பேர் தூங்க, மூன்று பேர் வேலை பார்க்கிற டீம்தான் பிட்ச் நேரத்தில் உளறாமல் பேசும்.

நீங்க கிளம்பத் தயாரா?

* உங்க காலேஜில் உள்போட்டி எப்போது என்று முதலில் விசாரியுங்க. பொறுப்பாசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். துறை வேறு என்று தயங்க வேண்டாம்.

* ஃப்ரெண்ட்ஸை மட்டும் வைத்து டீம் போடாதீங்க. செய்பவர், கணக்குப் போடுபவர், மக்களிடம் பேசுபவர், வரைபவர், மேடையில் சொல்பவர் என்று வேலையைப் பார்த்து ஆள் தேடுங்க. கேள்வி கேட்டே உயிரை எடுக்கிற ஒரு ஆளும் வேணும்.

* போட்டிக்கு முந்தைய வாரமே களத்துக்குப் போய்விட்டு வாங்க. அனுமதி கேட்டுப் போங்க. முதல் அரை மணி நேரம் ஐடியா எதுவும் சொல்லாமல் வேலை நடப்பதைப் பாருங்க.

* 'உங்களுக்கு என்ன வேணும்?' என்பதைவிட, 'நேத்து வேலை எப்படிப் போச்சு, எங்க நின்னுச்சு?' என்று கேட்டால் நிஜமான பதில் கிடைக்கும்.

* முதல் மாடலை அட்டை, டேப், பழைய செருப்பு என்று கையில் கிடைப்பதில் செய்யுங்க. அழகாக இருந்தால் அதைத் தூக்கிப்போட மனசு வராது.

* 'இதுக்கு என்ன செலவு, அந்தச் செலவை யார் செய்வாங்க, இதனால யாருக்காவது நஷ்டமா?' இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஜூரி முன்னால் போகாதீங்க.

கடைசியாக ஒன்று. இந்தப் பகுதியில் படிக்கும் பல பேருக்கு அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறவராக இருப்பார். அப்பா டேனரியில் ட்ரம் ஓட்டுபவராக இருப்பார். காலேஜில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'பிரைவேட் கம்பெனி' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தவர்களும் உண்டு. நீங்க அப்படி ஒருத்தரா? அப்போ ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. மற்ற டீம்கள் ஒரு வாரம் அலைந்து தெரிந்துகொள்வது உங்களுக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரியும். சாயங்காலம் அம்மா வந்ததும் எந்த விரலை முதலில் நீவிக்கொள்கிறார் என்று பார்த்தே வளர்ந்தவர் நீங்க.

அடுத்த முறை குரூப்பில் அந்த மெசேஜ் வரும்போது, 'எனக்குக் கோடிங் வராது, ஆனா எனக்கு ஒரு பிரச்சினை நல்லாத் தெரியும்' என்று பதில் போடுங்க. பூனையைக் கண்டுபிடிக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம்!